சோடா உப்பு கலக்காத மாவு

ஜூலை 3, வியாழன்

இவரைக் குடிமறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டு வந்தாயிற்று. விருதுநகர் ரோட்டில் மூடிக்கிடக்கிற பஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய இரும்புக் கேட்டைப் பார்த்ததும் பூட்டி வைப்பார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பூட்டே கிடையாதாம். "இஷ்டப்பட்டு வந்தவங்க, இஷ்டம் இல்லன்னா போகலாம்" என்றாள் ஷைனி. அங்கே ஆலோசகர் அவள்தான். முப்பது வயசுகூட இருக்காது. இஷ்டம் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

வீட்டு ஆட்களும் தினம் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டாம், மனசு ஆறுவதற்காக என்றாள். குடித்தவர் அவர், வீட்டுப்பாடம் எனக்கு.

எழுத டைரிக்கா பஞ்சம். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின்மேன் பெண்டாட்டிக்கு மற்றது எது இல்லாவிட்டாலும் கழிவு டைரி உண்டு. இது இவர் கைவரிசைதான். போதையில் சிவப்பு மை ஓடாததைக் கவனிக்காமல் அடித்துத் தள்ளிய லாட். ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் தேதியே விழவில்லை. நான் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். அவராகத்தான் வந்தார். பங்குனியிலிருந்து குடித்தால் அவருக்கு முகம் ரத்தமாகச் சிவந்துவிடுகிறது. வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்கிறது. போன மாதம் பிரஸ் வாசல் டீக்கடையில் விழுந்து, கூட வேலை பார்க்கிறவர்கள் தூக்கி வந்தார்கள். "கனி, எனக்கு ஹார்ட்டு போயிருச்சு. என்னைய எங்கயாவது சேத்து விட்ரு" என்றார். இத்தனை வருஷம் என் அழுகைக்கு அசையாதவர் பயத்துக்கு அசைந்திருக்கிறார். அந்த வகையில் பயம் நல்லதுதான்.

உளுந்து ஊறப்போட்டுவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

வாசலில் வைத்து விற்கிற இட்லி மாவு எல்லாம் காலை எட்டுக்கே தீர்ந்தது. அண்ணாச்சி எங்கே என்று கேட்டவர்களிடம் மதுரைக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்றேன். யாரும் நம்பவில்லை. யாரும் மேலே கேட்கவும் இல்லை.

நன்றாகத் தூங்கினேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

ஜூலை 5, சனி

என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். எப்போது தொடங்கினார், காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, குடிக்காத நாளில் எப்படி இருப்பார், அடிப்பாரா, வேலைக்கு ஒழுங்காகப் போவாரா. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மகள் ராகவியை டியூஷனிலிருந்து போதையோடு பைக்கில் கூட்டிவரும்போது வாய்க்காலில் விட்டதைச் சொன்னேன். பிள்ளைக்கு முன்பல் போனது, தாடையில் இன்னமும் தழும்பு. அவள் கோயம்புத்தூர் காலேஜைத் தேடிப் பிடித்துச் சேர்ந்ததே இந்த வீட்டுக்கு அது தூரம் என்பதால்தான். ஷைனி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒரு வருஷம் இங்கயே வச்சுக்கிட முடியுமா" என்று கேட்டேன்.

"அவருக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட முதல்ல கேக்கணும்க்கா. அதுலருந்துதான் திட்டம் போடுவோம்" என்றாள்.

அவருக்கு என்ன வேணும் என்று கேட்பதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "அவருக்குத் தெரியாம ஏதாவது மருந்து, பொடி, மாத்திரை சாப்பாட்டுல கலந்து குடுத்திருக்கீங்களா? நெறைய வீட்டுல குடுக்குறாங்க. திட்டுறதுக்காகக் கேக்கல. தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியா வைத்தியம் பாக்க முடியும்."

"நான் மாவுல சோடா உப்புகூடக் கலக்க மாட்டேன் மேடம். எங்க தெருவுல கேட்டுப் பாருங்க" என்றேன்.

அது உண்மை. ஒரு நாளும் மிஞ்சிய பழைய மாவைப் புது மாவில் கலந்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் என் மாவைத்தான் தேடி வருகிறார்கள். என் மாவைப் பற்றி எவளும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் மதினி வந்தாள். இவருடைய அக்கா தவமணி. மூன்றாவது தெருவில் தனியாக இருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இருப்பது இந்த ஒரு தம்பி. மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்தவள், வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஏ கனி, அங்க ஏதும் கேட்டாகளா?"

"எதை மதினி?"

"அதைத்தான்."

"கேட்டாக. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"டப்பாவை என்ன செஞ்ச?"

இருக்கிறது என்றேன். தூக்கிப் போடச் சொன்னாள். போகும்போது படியில் நின்று, "எம் பேரை எடுத்துராத தாயி. தெரிஞ்சா அவன் எம் முகத்துல முழிக்க மாட்டான்" என்றாள். இரண்டு கரண்டி மாவு கூடவே ஊற்றினேன்.

எந்த டப்பா என்று இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பார்க்கப் போனேன். முதல் நாட்கள் மோசமாக இருந்தனவாம். கை கால் உதறி, சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஊசியும் மாத்திரையும் கொடுத்து இப்போது தெளிந்திருக்கிறார். சவரம் செய்து, சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும், பெண் பார்க்க வந்த அன்று பார்த்த மாதிரி இருந்தது. எரிச்சலாகவும் வந்தது. இது இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது?

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் மாதிரி ரசம். அதை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார்.

"வீட்டுல ஏன் சாப்புட மாட்டேங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியல கனி. நம்ம வீட்டுல எதைத் தின்னாலும் வாயில இரும்பு நக்குன மாதிரி ஒரு ருசி. ஒடம்பு கெட்டுப்போச்சுல்ல, அதான் போல" என்றார். இங்கே அப்படி இல்லையாம். இந்த இடத்துக் காற்று நல்லது என்றார்.

பஸ் நெடுகிலும் எனக்குத் தலைவலி.

ஜூலை 10, வியாழன்

இன்று டாக்டர் இளம்பரிதி திட்டத்தைச் சொன்னார். நான், இவர், ஷைனி மூன்று பேரும் இருந்தோம். வழக்கமாக இவர் மாதிரி ஆளுக்கு ஒரு மாத்திரை உண்டாம். அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் நோயாளிக்கு எல்லாம் விளக்கி, ரத்தப் பரிசோதனை பார்த்து, அவர் சம்மதித்தால்தான் தருவார்களாம்.

"ஆனா உங்களுக்கு இப்ப குடுக்க மாட்டேன். நீங்க சொல்ற படபடப்பு எதனாலன்னு தெரியல. ஈரலும் கொஞ்சம் சரியில்ல. முதல்ல மதுரைல போய் இதயத்த நல்லா பாத்துட்டு வாங்க" என்றார். அதுவரை நெஞ்சுக்கு என்று ஏதோ எழுதிக் கொடுத்தார்.

இவர் வெளியே போனதும் டாக்டர் ஷைனியிடம் மெதுவாகச் சொன்னார். "அந்த மாத்திரையச் சாப்பிட்டுட்டுக் குடிச்சா என்ன வருமோ, அதையே வரி விடாம சொல்றாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் ஒட்டடை அடித்துப் பல மாதம் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தார் கூட்டம். பெண்களாக வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். நான் போனதற்குக் காரணமே, என் கதையைவிட மோசமான கதை ஏதாவது கேட்டால் கொஞ்சம் தெம்பாக இருக்குமே என்பதுதான்.

சாத்தூர்க்காரி ஒருத்தி பேசினாள். வேலம்மாள் என்று பேர். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷமாகியும் கூட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். அழாமல், பால்கணக்கு சொல்கிற மாதிரி சொன்னாள்.

"பொடி குடுத்தேன். அவுகளுக்குத் தெரியாது. கொழம்புல போட்டுருவேன். எங்க கொழுந்தன் கல்யாணத்துல எல்லாருமாச் சேந்து ஊத்திக் குடுத்துட்டாக. மொகம் செவந்துச்சு. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள முடிஞ்சுருச்சு. நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

அப்புறம் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "யாராச்சும் குடுத்தீகன்னா சொல்லிருங்க தாயி" என்றாள்.

ஏழெட்டுப் பேர் இருந்தோம். அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். எல்லாரும் ஒரே அடுக்களையிலிருந்து வந்தவர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து புளிப்பானைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

இனி எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன. ராகவி பல் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மதினிதான் அந்த மாத்திரையை வாங்கி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். அம்மியில் பொடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். ராத்திரி ரசத்தில் நான் போட்டேன். முதல் தடவை கரண்டி நுனியால் அளந்து போட்டேன். அப்புறம் பெருங்காயம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிள்ளை வாயிலிருந்து வந்த ரத்தத்துக்கு இது பதில் என்று நினைத்தேன். விழுந்துவிட்டார் என்று தூக்கி வந்தார்களே, அன்றைக்குக்கூட ராத்திரி ரசத்தில் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து தின்றுகொண்டிருப்பார், உள்ள நோய்க்கு மருந்து கிடைக்காது. சொன்னால் நெஞ்சில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும். பயம் போய்விடும். பயம் போனால் அந்தப் பூட்டில்லாத கேட்டைத் தாண்டி வந்துவிடுவார். இரண்டு நாளாக மாவு அரைக்கும்போதெல்லாம் இதே யோசனைதான். நேற்று உப்புப் போட மறந்து, வாங்கியவர்கள் திட்டினார்கள்.

சாயங்காலம் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் இல்லை. "பாத்தியா. இப்ப என்னைய மெஷின்ல விட்டா நாலு கலரும் மயிரிழை விலகாது."

சந்தோஷமாகச் சொன்னவர் உடனே குரல் தணிந்தார். "மதுரைல போய்ப் பாத்துட்டு ஆபரேஷன்னு சொன்னாகன்னா என்ன கனி செய்ய? நான் பாட்டுக்குப் போயிட்டா ராகவிகிட்ட நீதான் சொல்லணும். அப்பன் கடைசில திருந்தப் பாத்தான்னு."

கீழே கிடந்த வேப்பம்பழத்தைச் செருப்பால் நசுக்கினேன்.

"டாக்டரு அப்புறமா அந்த மாத்திரையக் குடுத்தா, தெனமும் யாராவது ஒரு ஆளு கண்ணு முன்னாடி முழுங்கணுமாம். ஒம் பேரத்தான் குடுத்திருக்கேன். ஊரே ஒன்னைய நம்பி மாவு வாங்குது. நான் நம்ப மாட்டேனா."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

ஜூலை 16, புதன்

மதினியிடம் போய்ச் சொன்னேன், நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்று. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்குப் பிள்ளை இருக்கு. எனக்கு அவன் ஒருத்தன்தான்" என்றாள்.

உங்கள் பேர் வராது மதினி என்று சத்தியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் காலைக் கட்டிக்கொள்ள வந்துவிடுவாளோ என்று பயந்துதான் இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. அவருக்குப் பிடித்த இனிப்புப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஷைனி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஷைனி என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

சொன்னேன். பயந்த மாதிரி நாக்கு ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை. கடகடவென்று வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. "ரசத்துலயா?" என்று கேட்டார்.

"ஆமா."

"தெனமுமா?"

"ஆமா."

"ராகவி காலேஜுக்குக் கெளம்புறதுக்கு முந்தின நாளு, நாமெல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்புட்டமே, அன்னைக்கும்?"

"ஒங்க ரசத்தை மட்டும் தனியா எடுத்து வச்சேன்."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"நான்தான் வாங்குனேன்."

அவர் ஷைனியிடம் திரும்பினார். "அப்ப என் நெஞ்சுல ஒண்ணுமில்ல."

"பாத்துத்தான் சொல்லணும். ஆனா பெரும்பாலும் அதனாலதான் இருக்கும்" என்றாள் ஷைனி.

சிரித்தார். கல்யாணமான புதுசில் சிரித்த மாதிரி, வயிறு குலுங்க. சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தார். "சாகப்போறேன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன். என் பொண்டாட்டி பக்கத்துல படுத்து நல்லா ஒறங்குனா" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னார். அப்புறம், "எனக்கு டிஸ்சார்ஜ் குடுங்க மேடம்" என்றார்.

ஷைனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்த மாத்திரை உடம்பில் கொஞ்ச நாள் தங்கியிருக்கும், உடனே குடித்தால் ஆபத்து என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

என்னிடம் ஷைனி, "இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. சொல்லச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். சொன்ன பிறகு இருக்கிற வீட்டில் வந்து இருக்க ஒருத்தரும் வரவில்லை.

பணியாரத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. குடித்து எங்கேயாவது வேலம்மாள் புருஷன் மாதிரி கிடக்கிறாரா என்று டாஸ்மாக் கடை இரண்டிலும் போய்ப் பார்த்தேன். பெண் பிள்ளை அங்கே போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. இன்று ராத்திரி பத்து மணிக்கு அவராக வந்தார். நல்ல போதை.

"பாத்தியா. சிவக்கல. படபடக்கல. நல்லாருக்கேன்" என்று கன்னத்தைக் காட்டினார்.

உயிரோடு வந்தாரே என்று அழுகையாக வந்தது. குடித்துவிட்டு வந்தாரே என்றும் வந்தது. எந்த அழுகையை அழுதேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தெருக்குழாயில் பிடித்துக் குடிக்கிறார். இன்று கடையிலிருந்து ஒரு மாவுப் பாக்கெட் வாங்கி வந்தார். ஆமாம், மாவு விற்கிறவள் வீட்டுக்குக் கடை மாவு. சோடா உப்பு போட்டு நுரைத்துக்கிடந்தது. அடுப்பில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரே தோசை ஊற்றினார். கல்லைக் கழுவி, எண்ணெய்ப் பாட்டிலை மோந்து பார்த்து, புது எண்ணெய் உடைத்து ஊற்றினார். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. அதைத்தான் தின்றார்.

வாசலில் என் மாவுக்கு ஆள் நின்றது. அவர்களுக்கு அள்ளி ஊற்றினேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாவு வியாபாரத்துக்கு லீவு. தினமும் குடிக்கிறார். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 26, சனி

பிரஸ் முதலாளி இவரை ஆள் விட்டுக் கூப்பிட்டார். முருகன் காலண்டர் லாட் முழுக்க வீணாம். கலர் விலகி, சாமிக்கு இரண்டு மூக்கு. கை நடுக்கத்தில் இவரால் பிளேட்டைச் சரியாக வைக்க முடியவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, "தெளிஞ்சதுக்கு அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையில் சட்டைகளை எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க?"

"அங்கதான். பயம் இருந்தப்ப பயத்துனால நிறுத்துனேன்னு நெனச்சேன். இப்ப பயம் இல்ல, அப்பவும் நிறுத்த முடியல. அப்ப எனக்கு நெசமாவே வியாதிதான் போல" என்றார். ஒரு வாரமாக என்னிடம் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

நான் கூட வரவா என்றேன். வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி திட்டம். இந்தத் தடவை மதுரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று, இதயத்தில் கோளாறு இல்லை. ஈரலும் தேறியிருக்கிறது. அதே மாத்திரையை வெளிப்படையாக, அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு தரப்போகிறார்கள். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். என்னையும் மதினியையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போனதும் தினமும் காலைல யார் முன்னாடி மாத்திரை சாப்பிடுவீங்க?" என்று ஷைனி கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டாள். நல்ல பிள்ளை.

"எங்க அக்கா" என்றார். "சாப்பாடும் அங்கயே வச்சுக்கிறேன். எங்க அக்கா கையால எதைக் குடுத்தாலும் கண்ணை மூடிட்டுத் திம்பேன். அவ எனக்கு ஒரு கெடுதல் நெனைக்க மாட்டா."

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி பாசத்தில் அழுகிறாள் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

அந்த அம்மியையும், பொடித்த கையையும் நான் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. என் மானம் பாதியாவது திரும்பி வரும். குற்றத்தைப் பங்கு போட ஒரு ஆள் கிடைக்கும். ஆனால் சொன்னால் இந்த ஊரில் இவர் நம்பிக் கைநீட்டி வாங்கிச் சாப்பிட ஒரு கை இருக்காது. குழாய்த் தண்ணீரும் கடை மாவும்தான் மிச்சம். அப்படிக் கிடந்தால் எத்தனை நாளைக்குக் குடிக்காமல் இருப்பார்?

"நீங்க ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று ஷைனி கேட்டாள்.

"இல்ல மேடம். மதினி நல்லா பாத்துக்கிடுவாக" என்றேன்.

அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதுவும் பொய்யாகிவிட்டது. இந்த வயசில் அது தெரிய வந்து என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று வந்துவிட்டார். ராத்திரிப் படுக்கை இங்கே, மாத்திரையும் சாப்பாடும் மதினி வீட்டில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான் குளித்துக்கொண்டிருந்தபோது மாவு கேட்டு ஆள் வந்திருக்கிறது. இவரே அளந்து ஊற்றியிருக்கிறார். புதிதாகக் குடி வந்த பெண் போல. "நல்ல மாவாண்ணே? குழந்தைக்குக் குடுக்கணும்" என்று கேட்டாள்.

"நம்பி வாங்கும்மா. சோடா உப்புகூடக் கெடையாது" என்றார்.

சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். குளியலறையில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மதினிக்கு மூட்டுவலி, அவளால் ஆட்ட முடியாது. அதனால் தினம் இருட்டோடு பின்வாசல் வழியாக வந்து என்னிடம் மாவு வாங்கிப் போகிறாள். அவர் அங்கே தின்பது என் மாவுத் தோசை.

"கடை மாவுன்னு சொல்லிருக்கேன். ஒன் மாவுன்னு தெரிஞ்சா தட்டைத் தள்ளிருவான்" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"இந்தக் கடைக்காரன் நல்லா ஆட்டுறான்க்கா, இவன்கிட்டயே வாங்குன்னு சொன்னான்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஷைனி வீட்டுக்கே வந்தாள். இப்படி அவ்வப்போது வந்து பார்ப்பார்களாம். இவர் வேலைக்குப் போயிருந்தார். குடிக்கவில்லை, கை நடுங்கவில்லை, ராகவி போனில் அப்பாவிடம் பேசுகிறாள், ஆயுத பூஜைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முகம் மலர்ந்தாள். "உங்களுக்கு எப்படி இருக்குக்கா?" என்றும் கேட்டாள். முதல் தடவையாகக் கேட்கிறாள். நல்லாயிருக்கேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

காபி கொடுத்தேன். கொஞ்சமும் யோசிக்காமல் குடித்தாள். ஒருத்தர் என் கையால் வாங்கி யோசிக்காமல் குடிப்பதைப் பார்த்து வெகுநாளாகிறது. டம்ளர் காலியாகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று, "வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "அவருக்குத் தெரியாம இப்ப ஏதாவது குடுக்குறீங்களா?"

பின்வாசலில் மதினியின் தூக்குவாளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இல்ல மேடம்" என்றேன்.

நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக உளுந்து போட வேண்டும். மதினி வீட்டில் இப்போதெல்லாம் இரண்டு தோசை அதிகம் கேட்கிறாராம்.